பங்குனியில் வந்து பாருங்கள்!

பொங்கல் சிறப்புப் பட்டிமன்றம்
தலைப்பு: தோட்டம் வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது மண்ணையா? பத்திரத்தையா? தண்ணீரையா?
'தண்ணீரையே!' என்ற அணியில் ஆற்றிய உரை

அன்பார்ந்த நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் பேசி, மண்ணையும் பத்திரத்தையும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடிய எதிரணி நண்பர்களே! பொங்கல் சோறு கண்ணை இழுத்தாலும் தூங்காமல் உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! 

மண் அணியில் பேசிய நண்பர் ஒரு கைப்பிடி மண்ணைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து மேடையிலேயே காட்டினார். பத்திர அணிச் சகோதரி ஒரு கட்டுப் பத்திரத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். நான் ஒண்ணும் கொண்டுவரலை. ஏன் தெரியுமா? அவங்க ரெண்டு பேரும் பேசிப் பேசித் தொண்டை வறண்டு, கடைசியில என் முன்னாடி இருந்த தண்ணி டம்ளரைத்தான் எடுத்துக் குடிச்சாங்க! (சிரிப்பு, கைதட்டல்) தீர்ப்பு அங்கேயே முடிஞ்சுபோச்சு நடுவர் அவர்களே. மிச்சத்தையும் சொல்லிட்டு உட்கார்ந்துடறேன்.

பேப்பர்ல விளம்பரம் பார்க்கிறோம். 'தண்ணீர் வசதியுள்ள தோட்டம் விற்பனைக்கு. பழமரம் வைக்கவும் காய்கறி போடவும் ஏற்றது.' ஏக்கர் எவ்வளவுன்னு போட்டிருப்பான். தார் ரோட்டுக்கு எவ்வளவு தூரம்னு போட்டிருப்பான். ஆனா 'தண்ணீர் வசதி'ன்னு போட்டானே, எவ்வளவு தண்ணி? எந்த மாசத்துத் தண்ணி? யாரோட தண்ணி? இந்த மூணு கேள்விக்கும் எந்த விளம்பரத்திலாவது பதில் உண்டா? கிடையாது!

எங்க குடும்பத்துல நடந்த கதையைச் சொல்றேன்.

பெரியகுளத்துல இருந்து கும்பக்கரை வழியா மலை ஏறினா அடுக்கம்னு ஒரு ஊர் வரும். இன்னும் மேலே போனா பெருமாள்மலை, அப்புறம் கொடைக்கானல். அடுக்கம் திண்டுக்கல் மாவட்டம். அடிவாரத்துக்கு இறங்கினா தேனி மாவட்டம். சங்கப் பாட்டுகளில் 'அடுக்கம்' என்றால் மலைச்சரிவு என்று பொருள். ஊரைப் போய்ப் பார்த்தா அந்தப் பேரோட அருமை தெரியும். அடுக்கு அடுக்காத் தோட்டம். மேல் அடுக்குல காபி, அதுக்குக் கீழே வாழை, ஆரஞ்சு, அதுக்கும் கீழே பீன்ஸ், சௌசௌ, நடுநடுவே பட்டர் ஃப்ரூட் மரம். பலா மரத்துல மிளகுக் கொடி ஏறி நிக்கும். பார்க்கிறவனுக்கு 'இங்கேயே ஒரு குடிசை போட்டு உட்கார்ந்துடலாமா'ன்னு தோணும்.

எங்க சித்தப்பாவுக்குத் தோணிடுச்சு! (சிரிப்பு) வாத்தியார் வேலையில இருந்து ரிட்டையர் ஆகி, கையில கொஞ்சம் பணத்தோட இருந்த நேரம். இது நடந்து 15 வருஷம் இருக்கும். ஐப்பசி மாசம், அடைமழை விட்ட மறுநாள், புரோக்கர் ஜீப்ல கூட்டிட்டுப் போனார். மூணு ஏக்கர். நிலத்தை ஒட்டியே ஓடை. சலசலன்னு பேசிக்கிட்டே ஓடுது. புரோக்கர் ஓடையில கையை விட்டு ஒரு வாய் அள்ளிக் குடிச்சுட்டு, "சார், இதுக்கு மேல என்ன சார் சர்ட்டிபிகேட் வேணும்?"னார். சித்தப்பா அங்கேயே அட்வான்ஸ் கொடுத்துட்டார்.

பத்திர அணிச் சகோதரி கவனிக்கணும். எங்க சித்தப்பா ஏமாளி இல்லை. வில்லங்கச் சான்று போட்டார். மூலப்பத்திரம் பார்த்தார். பட்டா, சிட்டா, புலப்படம் எல்லாம் பார்த்தார். நிபந்தனைப் பட்டாவா, பஞ்சமி நிலமா, காட்டு இலாகா எல்லையான்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டார். எல்லாம் சுத்தம்! மண் அணி நண்பரும் கவனிக்கணும். மண்ணைச் சோதனைக்குக் கொடுத்தார். அருமையான மண்ணு. பட்டர் ஃப்ரூட்டுக்கு வேர்ல தண்ணி தேங்கினா வேரழுகல் வந்துடும்; இது சரிவு நிலம், தண்ணி நிக்காது, ரொம்பப் பொருத்தம்னாங்க. மண் பாஸ், பத்திரம் பாஸ். கிரயம் முடிஞ்சது. வாழை வச்சார். பாத்தி பிடிச்சு பீன்ஸ் போட்டார்.

தை போச்சு. மாசி போச்சு. பங்குனி வந்தது. ஓடை பேச்சை நிறுத்திடுச்சு!

அந்த மலைக்குப் பெருமழை ஐப்பசி கார்த்திகையில. தை பிறந்துட்டா வானம் வெளுத்துடும். மேல்மலையில சோலைக்காடு இருக்கிற வரைக்கும், பெய்ஞ்ச மழையைப் பஞ்சு மாதிரி பிடிச்சு வச்சுக் கொஞ்சம் கொஞ்சமா விடும். அந்தப் புல்வெளியிலயும் காட்டிலயும் பெரும்பகுதியில போன நூற்றாண்டுல சீகை, யூகலிப்டஸ், பைன்னு நட்டுவச்சாங்க. ஓடை எவ்வளவு நாள் ஓடும்ங்கறது நம்ம மூணு ஏக்கர்ல இல்லை, தலைக்கு மேல இருக்கிற மலையில இருக்கு. இது எந்தப் பத்திரத்துல எழுதியிருக்கு?

எங்க சித்தி படிச்சது எட்டாவது. சித்தப்பா தலையில கை வச்சு உட்கார்ந்தப்ப, அவங்கதான் ஒரு பிளாஸ்டிக் குடத்தையும் கடிகாரத்தையும் எடுத்துக்கிட்டு ஓடைக்குப் போனாங்க. குழாய் வச்சுத் தண்ணி இறங்குற இடத்துல குடத்தை வச்சாங்க. 15 லிட்டர் குடம். ஐப்பசியில அரை நிமிஷத்துல நிறைஞ்ச குடம். இப்ப நிறைய மூணு நிமிஷம்!

கணக்குப் போடுங்க. அரை நிமிஷத்துக்கு ஒரு குடம்னா, ஒரு நாளைக்கு 43,200 லிட்டர். மூணு நிமிஷத்துக்கு ஒரு குடம்னா 7,200 லிட்டர். ஆறுல ஒரு பங்கு! ஒரு வாழைக்கு வெயில் நாள்ல 15 லிட்டர்னு வச்சுக்குங்க. 7,200 லிட்டருக்கு எத்தனை வாழை? 480. ஆறடிக்கு ஆறடி நட்டா ஒரு ஏக்கருக்கே 1,200 வாழை பிடிக்கும். சித்தப்பா வாங்கினது மூணு ஏக்கர். தண்ணி வாங்கினது அரை ஏக்கருக்குக்கூட இல்லை! வாத்தியாருக்குத் தெரியாத கணக்கு சித்தியோட குடத்துக்குத் தெரிஞ்சிருக்கு நடுவர் அவர்களே! (பலத்த கைதட்டல்)

அதோட விட்டதா? சித்தப்பா ரெண்டு அங்குல ஓஸ் வாங்கிட்டு வந்து, மேலே பாறை இடுக்குல ஓடையை மறிச்சு, இருந்த தண்ணி முழுக்கத் தன் தோட்டத்துக்குத் திருப்பிட்டார். நம்ம நிலத்தை ஒட்டித்தானே ஓடுது, நாம காசு கொடுத்துத்தானே வாங்கினோம்னு நினைப்பு. மறுநாள் காலையில கீழ் அடுக்குல இருந்து ஒரு ஆத்தா ஏறி வந்தாங்க. எழுபது வயசிருக்கும். கையில அருவாள். சித்தப்பா நடுங்கிட்டார். ஆத்தா சண்டைக்கு வரலை. வழியில முள்ளு வெட்டத்தான் அருவாள். (சிரிப்பு)

நிதானமாச் சொன்னாங்க: "ஏப்பு, நீங்க வாங்குனது நெலம். தண்ணியை எவனும் உங்களுக்கு விக்கல. அவன் விக்கவும் முடியாது. எங்க மாமனார் காலத்துல இருந்து இங்க முறைத்தண்ணி. உங்களுக்கு முந்தி இருந்தவனுக்குச் செவ்வாக்கிழமையும் சனிக்கிழமையும் ராத்திரி முறை. அதை அவன் சொல்லாமப் போயிட்டான். ஒரு தொட்டி கட்டிக்கங்க. ராத்திரி வர்ற தண்ணியைப் பிடிச்சு வச்சுப் பகல்ல பாய்ச்சுங்க. எல்லாரும் பொழைக்கணும்ல?"

சித்தப்பா அன்னைக்கே ஓஸை எடுத்தார். மூணு ஏக்கரையும் பயிர் வைக்கிற ஆசையை விட்டார். முறைத்தண்ணிக்கு ஒரு ஏக்கர் வாழையும் காய்கறியும், மீதியில மழையை நம்பிக் காபியும் மிளகும். காபிக்கு பங்குனி சித்திரையில ஒரு பூமழை விழுந்தா, பத்து நாள்ல செடியே வெள்ளையாப் பூக்கும். குடும்பம் தலை நிமிர்ந்தது. காப்பாத்தினது மண்ணா? பத்திரமா? தண்ணி எவ்வளவுன்னு தெரிஞ்சுக்கிட்டது!

ஆத்தா சொன்னது சட்டத்திலேயும் இருக்கு. 1882-ம் வருஷத்து வசதியுரிமைச் சட்டம். ஓடைக்கரையில நிலம் வச்சிருக்கிறவன் குடிக்கலாம், பாய்ச்சலாம். ஆனா கீழே இருக்கிறவனுக்குப் பெரிய நஷ்டம் வர்ற மாதிரி மறிக்கக் கூடாது. ஆத்தா சட்டம் படிக்கலை. சட்டம்தான் ஆத்தா மாதிரி ஆட்களைப் படிச்சிருக்கு! (கைதட்டல்)

இப்ப எதிரணி நண்பர்களுக்கு வர்றேன். 'மண்ணு நல்லா இருந்தா பொன்னு விளையும்'னு நண்பர் சொன்னார். பெரியகுளத்துக்குப் பக்கத்துல கம்பம் பள்ளத்தாக்கு இருக்கே, அங்கே மண்ணு நேத்து வந்ததா? காலங்காலமா இருக்கு. 1895-ல் முல்லைப் பெரியாறு அணையில இருந்து, மேற்கே ஓடின தண்ணி மலையைக் குடைஞ்சு கிழக்கே வந்தது. அதுக்கு முன்னாடியும் அதே மண்ணு, அதே பட்டா. தண்ணி வந்த பிறகுதானே இரண்டு போகம்? அங்கே பென்னிகுயிக் துரை பிறந்தநாள்ல பொங்கல் வைக்கிறாங்க. மண்ணு சோதனை பண்ணினவருக்கு எந்த ஊர்லயாவது பொங்கல் வச்சாங்களா? பத்திரம் எழுதினவருக்கு வச்சாங்களா? (சிரிப்பு, பலத்த கைதட்டல்)

மண்ணு மெலிஞ்சிருந்தா தொழு உரம் போடலாம், வண்டல் அடிக்கலாம், பசுந்தாள் மடக்கி உழலாம். மூணு வருஷத்துல தேத்திடலாம். தண்ணியை எந்தக் கடையில போய் மூட்டையா வாங்குவீங்க?

'போர் போட்டுக்கலாமே'ன்னு முன்வரிசையில ஒரு அய்யா கேட்கிறார். அய்யா, அது மலை. கொடைக்கானல் மலையில நினைச்ச இடத்துல போர் போட முடியாது, கட்டுப்பாடு இருக்கு. அனுமதியே கிடைச்சாலும் யோசிங்க. மேல் அடுக்குல நீங்க ஆழமா ஓட்டை போட்டா, கீழ் அடுக்குல ஆத்தாவோட ஊத்து வத்திப்போகலாம். உங்க வீட்டு விளக்கை ஏத்த அடுத்த வீட்டு எண்ணெயை உறிஞ்சற மாதிரி அது.

பத்திர அணிச் சகோதரிக்கு வர்றேன். பத்திரம் தப்பா இருந்தா நிலமே நம்மளுது இல்லை, ஒத்துக்கறேன். ஆனா பத்திரம் சொல்றது 'நிலம் யாருது'ன்னு. 'நிலத்துல என்ன வரும்'னு தண்ணிதான் சொல்லும். வில்லங்கமே இல்லாத வறண்ட நிலம் எத்தனையோ கிடக்கு. வில்லங்கமும் இல்லை, விளைச்சலும் இல்லை! (சிரிப்பு) பத்திரத்தையே தண்ணிக்காகத்தான் பார்க்கணும்ங்கறேன் நான். கிணத்துல எத்தனை பங்கு, எந்தக் கிழமை முறை, வாய்க்கால் யார் நிலத்து வழியா வருது, மோட்டார் கனெக்‌ஷன் யார் பேர்ல இருக்கு, இதெல்லாம் கிரயப் பத்திரத்துல ஏறணும். வி.ஏ.ஓ. கிட்ட அடங்கல் பாருங்க. ஒவ்வொரு வருஷமும் என்ன பயிர் வச்சாங்க, எந்தத் தண்ணியில வச்சாங்கன்னு அதுல தெரியும். விளம்பரத்துல 'பழத்தோட்டம்'னு போட்டிருப்பான். அடங்கல்ல தொடர்ந்து 'தரிசு'ன்னு இருக்கும்!

தண்ணி குறைஞ்சா மட்டும்தான் பாடமா? கூடினாலும் பாடம்தான். 2018 நவம்பர்ல கஜா புயல் வந்தப்போ கொடைக்கானல் மலையில மண் சரிஞ்சது, மரம் சாய்ஞ்சது, ரோடு அடைபட்டது. தண்ணி போற பாதையை மூடி வீடு கட்டினா, அது தன் பாதையைத் தேடித் திரும்பி வரும். அதுக்குப் பட்டாவும் தெரியாது, மாவட்ட எல்லையும் தெரியாது. திண்டுக்கல் மாவட்ட மலையில மழை பெய்ஞ்சா, தேனி மாவட்டத்துக் கும்பக்கரை அருவியில வெள்ளம். குளிக்க வந்தவங்களைத் திருப்பி அனுப்பறாங்க இல்லையா?

இந்தோனேசியாவில் பாலித் தீவு. அங்கேயும் அடுக்கு அடுக்கா வயல். மேல் வயல்காரனும் கீழ் வயல்காரனும் ஒண்ணா உட்கார்ந்து, கோயிலை வச்சுத் தண்ணி முறை பிரிக்கிறாங்க. 'சுபக்'னு பேர். 2012-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமா அறிவிச்சது. நம்ம ஊர்லயும் ஏரிக்கு ஏரி நீர்க்கட்டி இருந்தார். யார் வயலுக்கு எப்போ மடை திறக்கணும்னு அவர் சொன்னா, பண்ணையாரும் காத்திருக்கணும். உலகத்துல எங்கே அடுக்கு நிலம் இருக்கோ, அங்கே எல்லாம் கண்டுபிடிச்ச உண்மை இதுதான்: நிலத்தைத் தனித்தனியா வாங்கலாம், தண்ணியைச் சேர்ந்துதான் குடிக்கணும்.

கடைசியா ஒண்ணு சொல்லி முடிச்சுக்கறேன், நடுவர் மணி அடிக்கக் கையை எடுத்துட்டார்.

நாலு வருஷத்துக்கு முன்னாடி எங்க சித்திக்கு இருதயத்துல ஆபரேஷன். பணம் வேணும். ஒரு ஏக்கரை விக்கறதுன்னு முடிவாச்சு. கார்த்திகை மாசம். ஓடை கரை புரள ஓடுது. வெளியூர்ல இருந்து ஒருத்தர் கார்ல வந்தார். பார்த்ததும் பிடிச்சுப்போச்சு. கேட்ட விலை கொடுக்கத் தயார். புரோக்கர் சித்தப்பா காதுல, "வாயைத் திறக்காம இருங்க சார், நாளைக்கே அட்வான்ஸ்"னு சொல்றார்.

சித்தப்பா பேசாமத்தான் நின்னார். அவரைக் குத்தம் சொல்ல முடியாது. பொண்டாட்டி உயிர். அப்போ சித்தி உள்ளே இருந்து ஒரு பழைய நோட்டைக் கொண்டுவந்து அந்த வெளியூர்க்காரர் கையில கொடுத்தாங்க. அந்த முதல் பங்குனியில இருந்து மாசா மாசம் குடம் நிறைய எத்தனை நிமிஷம் ஆச்சுன்னு எழுதி வச்ச நோட்டு! "இப்ப ஓடறதைப் பார்த்து வாங்கிடாதீங்க தம்பி. பங்குனியில வந்து பாருங்க. முறை ரெண்டு ராத்திரிதான்"னாங்க.

வந்தவர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். யோசிச்சுச் சொல்றேன்னு கார்ல ஏறினார். போனவர் போனவர்தான். புரோக்கர் கண்டபடி திட்டிட்டு இறங்கிப் போனார். வீட்டுல ரெண்டு நாள் யாரும் பேசிக்கலை. கடைசியில சித்தி கழுத்துல கையில கிடந்ததை அடகு வச்சுத்தான் ஆபரேஷன் நடந்தது.

நான்தான் ஆஸ்பத்திரியில கேட்டேன், "ஏன் சித்தி, உங்க உயிருக்காகத்தானே வித்தோம், அந்த நோட்டை அன்னைக்குக் காட்டணுமா?"ன்னு. சித்தி சொன்னாங்க: "உங்க சித்தப்பா தலையில கை வச்சு உட்கார்ந்தாரே, அதை நான் பக்கத்துல இருந்து பார்த்தவ. இன்னொரு வீட்டு ஆம்பளை அப்படி உட்கார, அவன் பொண்டாட்டி குடத்தைத் தூக்கிக்கிட்டு ஓடைக்குப் போக, அந்தக் காசுல நான் பிழைக்கணுமா?" (அரங்கில் அமைதி, பிறகு நீண்ட கைதட்டல்)

அடுத்த பங்குனியில அடிவாரத்துல இருந்து ஒரு விவசாயி வந்தார். குடம் வச்சுப் பார்த்தார். ஆத்தாவைப் போய்ப் பார்த்துப் பேசினார். விலையில ரெண்டு லட்சம் குறைச்சுத்தான் வாங்கினார். ஆனா பத்திரத்துல 'சனிக்கிழமை இரவு ஓடைத்தண்ணீர் முறை உட்பட'ன்னு எழுதி வாங்கினார். இன்னைக்கும் அந்த ஏக்கர்ல அவர் பயிர் வைக்கிறார். செவ்வாய் ராத்திரி சித்தப்பா, சனி ராத்திரி அவர். சண்டையும் இல்லை, வழக்கும் இல்லை. நகையை மீட்டாச்சு. சித்தி இப்பவும் குடம் வைக்கிறாங்க, நோட்டு எழுதறாங்க.

ஆகவே, இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் குடும்பங்களுக்கு என் வேண்டுகோள். தோட்டம் வாங்கப் போறீங்களா? புரோக்கரோட ஐப்பசியில போகாதீங்க. ஒரு குடத்தோட பங்குனியில போங்க. விக்கறவர்கிட்ட மட்டும் கேட்காதீங்க. கீழ் அடுக்குல இருக்கிற ஆத்தாவையும் கேளுங்க. விக்கப் போறீங்களா? அந்த நோட்டை மறைக்காதீங்க.

மண்ணு நமக்கு விளைச்சல் தரும். பத்திரம் நமக்கு உரிமை தரும். ரெண்டுக்கும் உயிர் தருவது தண்ணீர். எனவே தோட்டம் வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீரையே, தண்ணீரையே என்று நல்ல தீர்ப்பை வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு, என் டம்ளரைத் திருப்பித் தருமாறு எதிரணியினரையும் கேட்டுக்கொண்டு (சிரிப்பு) அமர்கிறேன்.